எபிசோடு 37: பழவேற்காட்டுல வேனை எங்க நிறுத்துறது?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். "அப்புறம் வந்து", "அதாவது" எல்லாத்தையும் முடிஞ்சவரை வெட்டியாச்சு. மீதி என் பேச்சு அப்படியே.)

இன்னைக்கு டெக் எபிசோடு இல்ல. ஒரு பேப்பர் கப்பைப் பத்திப் பேசப் போறேன். அந்தக் கப் என்னோடது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, டிசம்பர் மாசம். எங்க டீம்ல பத்து மாசமா இழுத்துக்கிட்டிருந்த ஒரு ரிலீஸ் ஒருவழியா முடிஞ்சது. மேனேஜர் குஷியில டி-ஷர்ட், ஸ்டிக்கர், காபி கப்னு எல்லாத்துலயும் புராஜெக்ட் பேரை அச்சடிச்சுக் கொடுத்தார். நாங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்தோம். கேரவன்னா ஷூட்டிங்ல நிக்கிற பஸ் சைஸ் வண்டி இல்ல. டெம்போ டிராவலரை மாத்திக் கட்டினது. படுக்கை, குட்டி சிங்க், கேஸ் அடுப்பு, ஒரு சின்ன டாய்லெட். பாண்டிச்சேரி போய்ப் போய் அலுத்துடுச்சு. மகாபலிபுரத்துல லீவு நாள்ல வண்டி நிறுத்தவே முடியாது. மேப்ல சென்னைக்கு வடக்கே விரலை நகர்த்தினா நீலமா பெருசா ஒண்ணு தெரியும் இல்லையா, அங்க போலாம்னு முடிவாச்சு.

பொன்னேரி தாண்டி, திருப்பாலைவனம் தாண்டி, ராத்திரி பத்து மணிக்குப் பழவேற்காடு. ஏரிப் பாலத்தைக் கடந்து லைட்ஹவுஸ் பக்கம் போனோம். சவுக்குத் தோப்பு ஓரமா மணல்ல வண்டியைப் போட்டோம். ஸ்பீக்கர், பார்பிக்யூ, எல்லாம் உண்டு. காலையில ஆறு மணிக்கு யாரோ கதவைத் தட்டுறாங்க. ஒரு அக்கா. "தம்பி, வண்டிய கொஞ்சம் தள்ளி வுடுறீங்களா, வலை காய வெக்கணும்." திட்டல, சத்தம் போடல. நாங்க நிறுத்தியிருந்தது அவங்க வலை விரிக்கிற இடத்துல. ஒருத்தர் வீட்டுத் திண்ணையில போய்ப் படுத்துத் தூங்கின மாதிரி.

சரி, கிளம்பும்போது நாங்க என்ன பண்ணோம்னா, குப்பையை எல்லாம் நாலு கறுப்புப் பையில கட்டி, அங்க இருந்த ஒரே ஒரு சிமென்ட் தொட்டி பக்கத்துல வெச்சோம். பக்கத்துலதான், உள்ள இல்ல. தொட்டி ஏற்கெனவே வழிஞ்சுக்கிட்டிருந்தது. ஆனாலும் பெருமையா இருந்தது. சுத்தி இருந்தவங்க எல்லாம் பிரியாணி பார்சலை அப்படியே மணல்ல விட்டுட்டுப் போறாங்க, நாங்க பை கட்டி வைக்கிறோமே. அதை ஒரு ரீலா கூடப் போட்டோம்.

ஒரு மாசம் கழிச்சு திரும்பப் போனேன். சமூக சேவைக்கு இல்ல, என் கேமரா டிரைபாட் அங்கேயே விட்டுப்போச்சு. அந்த அக்கா அதைத் துணி சுத்தி எடுத்து வெச்சிருந்தாங்க. அவங்க பாலத்துக்கிட்ட மீன் வறுத்து விக்கிறவங்க. டிரைபாடை வாங்கிக்கிட்டு, தொட்டி இருந்த பக்கம் சும்மா நடந்தேன். பின்னாடி சீமைக்கருவேல முள்ளு. அந்த முள்ளு முழுக்க வெள்ளையா பூ பூத்த மாதிரி இருந்தது. கிட்டப் போனா கவர், தட்டு, கப். ஒரு கப்புல எங்க புராஜெக்ட் பேரு. லோகோ கூட வெளுக்கல. நாங்க கட்டின பையை நாயோ ஆடோ கிழிச்சிருக்கு, காத்து மீதி வேலையைப் பார்த்திருக்கு.

அந்த மாதிரிக் கப்பே தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லிருந்து தடை. உள்ள பிளாஸ்டிக் பூச்சு இருக்கிற பேப்பர் கப், அந்த 14 பொருள் பட்டியல்ல இருக்கு. எங்க மேனேஜருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

சரி, இடத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். அது புரிஞ்சாத்தான் இந்தக் குப்பை ஏன் வேற மாதிரின்னு புரியும்.

பழவேற்காடு ஏரி இந்தியாவிலேயே ரெண்டாவது பெரிய உப்பங்கழி. முதல் இடம் ஒடிசாவோட சிலிகா. கிட்டத்தட்ட 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, தெற்கு முனைதான் நம்ம திருவள்ளூர் மாவட்டம். நடுவுல கடலை மறிச்சு நிக்கிற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஆமா, ராக்கெட் விடுற அதே ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே ஆரணியாறு வந்து கலக்குது, வடக்கே காளங்கி, சுவர்ணமுகி. பக்கிங்காம் கால்வாய் இதுக்குள்ளயே போகுது. டச்சுக்காரங்க 1613-ல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினது இங்கதான். கோட்டை போயிடுச்சு, மண்டை ஓடு செதுக்கின அவங்க கல்லறை மட்டும் இருக்கு. ரீல்ஸ் எடுக்கிறவங்க முதல்ல போறது அங்கதான். அப்புறம் பறவைகள். பூநாரை, அதான் ஃபிளமிங்கோ, மழைக்காலத்துக்கு அப்புறம் கூட்டம் கூட்டமா வந்து இறங்கும். நம்ம பக்கத்து ஏரி 1980-லிருந்து பறவைகள் சரணாலயம்.

இவ்வளவு பெரிய ஏரி, ஆனா ஆழம் கிடையாது. நிறைய இடத்துல ஒரு ஆள் எழுந்து நின்னா தலை வெளிய இருக்கும். கடலோட தொடர்பு சில முகத்துவாரங்கள் வழியாத்தான். அலை ஏறும்போது கடல் தண்ணி உள்ள வரும், இறங்கும்போது வெளிய போகும். நம்ம பக்கத்து முகத்துவாரம் கோடையில மண் மூடி அடைஞ்சுக்கும். இது மீனவர்களோட பல வருஷத்துக் கவலை, ஏன்னா இறால் குஞ்சு உள்ள வரணும்னா அந்த வாய் திறந்திருக்கணும். வாய் அடைஞ்சா என்ன ஆகும்? உள்ள போனது உள்ளேயே சுத்தும்.

மெரினாவுல ஒரு பாட்டில் போட்டா அது நம்ம கண்ணை விட்டுப் போயிடும். அது தப்புதான், ஆனா போயிடும். பழவேற்காட்டுல அப்படி இல்ல. ஒரு மீனவ அண்ணன்கிட்ட இதைக் கேட்டப்போ, வலையில இருந்து ஒரு சிப்ஸ் கவரை உருவிக்கிட்டே சொன்னார்: "கடல்ல போட்டா அலை எடுத்துனு போய் எங்கனா தள்ளிடும். ஏரில போட்டா என் வலைக்குத்தான வரணும். வேற எங்க போவும்?"

வலையை இழுத்ததும் மீனைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி குப்பையைப் பிரிக்கணும். மடவை, இறால், நண்டு, நடுவுல குழந்தை டயப்பர். நண்டு மாட்டினாலே வலை கிழியும், அதுக்கே தினம் உட்கார்ந்து தைக்கிறாங்க. இதுல உடைஞ்ச பாட்டில் மாட்டினா கண்ணி கண்ணியா அறுத்துக்கிட்டுப் போயிடும். எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, கோடு எழுதினது நாங்க, எரர் லாக் விழுறது அவர் மெஷின்ல. எங்க ஸ்கிரீன்ல எல்லாமே பச்சை.

அந்தப் பாட்டில் விஷயத்துல இன்னொரு கூட்டம் இருக்கு, அவங்களைப் பத்தி யாரும் பேசறது இல்ல. வலையே இல்லாம கையால இறால் பிடிக்கிறவங்க. பெரும்பாலும் இருளர் குடும்பங்கள், நிறைய பேர் பெண்கள். முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணியில குனிஞ்சோ உட்கார்ந்தோ சேத்துக்குள்ள ரெண்டு கையையும் விட்டுத் துழாவுவாங்க. பிடிச்சதைப் பறியில போடுவாங்க. பறின்னா ஓலையில பின்னின பை மாதிரிக் கூடை. ரெண்டு கையும் வேலையா இருக்கிறதால அதைப் பல்லால கடிச்சுத் தொங்கவிட்டுக்குவாங்க. கையுறை போட்டுக்கிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது, விரல்ல படுற உணர்வை வெச்சுத்தான் இறால் எங்க இருக்குன்னு தெரியும். இப்போ அந்தச் சேத்துக்குள்ள ஒரு பீர் பாட்டில் சில்லு கிடக்குன்னு வெச்சுக்கோங்க. இதுக்கு மேல நான் சொல்ல வேண்டியதில்ல.

இப்போ கூட்டம். காணும் பொங்கல், கிறிஸ்துமஸ், நியூ இயர், அப்புறம் சாதாரண ஞாயிற்றுக்கிழமை. பொன்னேரி ரோடு ஒண்ணுதான் முக்கியமான வழி. கடலோரமா காட்டுப்பள்ளி வழின்னு ஒண்ணு இருக்கு, அதைச் சில சமயம் கடலே வந்து மூடிடும். பாலத்து மேல காரை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறாங்க, பின்னாடி மீன் ஏத்தின ஆட்டோ ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்குது. ஐஸ் உருகினா மீன் விலை இறங்கும், அது செல்ஃபிக்குத் தெரியாது. அங்க இருக்கிறது ஊராட்சி, மாநகராட்சி கிடையாது. சில தூய்மைக் காவலர்கள், ஒரு வண்டி. ஊர்க்காரங்க குப்பைக்கே அது போதாது, ஞாயித்துக்கிழமை வர்ற கூட்டத்தோட குப்பையும் அவங்க தலையில.

இவ்வளவு பேர் வந்து அங்க என்ன பண்றாங்க? உண்மையைச் சொன்னா, பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாள். சுற்றுலா வந்த குடும்பங்களை ஏத்திக்கிட்டுப் போன ஒரு படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்துட்டாங்க. லைஃப் ஜாக்கெட் கிடையாது, அளவுக்கு மேல ஆள். அதுக்கு அப்புறம் சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை. ஆனா இன்னைக்கும் கரையில நின்னா யாராவது வந்து காதோரமா கேப்பாங்க, "போட்டிங் போறீங்களா சார்?" எங்க ஆறு பேரையும் அப்படித்தான் ஒரு பையன் கூட்டிக்கிட்டுப் போனான். ஜாக்கெட் இல்லாம. நான் நின்னுக்கிட்டே வீடியோ எடுத்தேன். 2011 விஷயம் திரும்பி வந்து தேடினப்போதான் தெரிஞ்சது. பழவேற்காட்டுல எது நடந்தாலும் செய்தியில "திருப்பாலைவனம் போலீசார்"னுதான் வரும். அப்படி ஒரு வரியில நம்ம பேரும் வந்திருக்கலாம்னு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

அந்தப் பையன் மேல எனக்குக் கோபம் இல்ல. கவனிச்சுப் பாருங்க. கூட்டம் வர்றது நிக்கல, கூட்டத்தால ஊருக்கு நேர்மையா வரக்கூடிய வருமானம் மட்டும் நின்னுடுச்சு. நாம பிரியாணியைச் சென்னையிலேயே வாங்கிடுறோம். தண்ணி பாட்டில், சரக்கு, ஐஸ், கரி எல்லாம் வண்டியிலயே வருது. கேரவன் வந்த பிறகு ரூம் கூட வேண்டாம். வாடகை கேரவன்காரருக்கு, பெட்ரோல் காசு பங்க்குக்கு, லைக்ஸ் நமக்கு. ஊருக்கு மிஞ்சுறது நாம தூக்கிப் போடறது மட்டும்தான்.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்ல. ஸ்காட்லாந்துல வடகடலோரமா சுத்தி வர்ற சுமார் 830 கிலோமீட்டர் ரோட்டுக்கு 2015-ல "நார்த் கோஸ்ட் 500"னு பேர் வெச்சு விளம்பரம் பண்ணாங்க. கேம்பர்வேன் கூட்டம் கொட்டுச்சு. ஒத்தையடி ரோட்டுல எதிர் வண்டிக்கு ஒதுங்கறதுக்குன்னு விட்ட இடத்துல வேனைப் போட்டுத் தூங்குறாங்க, டாய்லெட் டேங்க்கை ரோட்டோரம் திறந்து விடுறாங்கன்னு அங்க இருக்கிற கிராமத்துக்காரங்க இன்னமும் புலம்புறாங்க. ஐஸ்லாந்து 2015-ல அமலுக்கு வந்த சட்டத்துல, கேம்பர்வேன்ல தூங்கணும்னா முகாம் இடத்துக்குப் போ, இல்லன்னா நிலத்துக்காரர்கிட்ட அனுமதி வாங்குன்னு சொல்லிடுச்சு. நியூசிலாந்து 2023-ல, பொது இடத்துல ராத்தங்குற வேன்ல கழட்ட முடியாத, பொருத்தின டாய்லெட் இருக்கணும்னு சட்டத்தை இறுக்குச்சு. கேரளாவுல 2021-ல "கேரவன் கேரளா" திட்டம் கொண்டு வந்தப்போ கூடவே கேரவன் பார்க்கும் வேணும்னு சேர்த்தாங்க. தண்ணி, கரண்ட், கழிவுநீர் இணைப்போட நிறுத்துற இடம். அதுல முதல் பார்க் வாகமண்ல வந்தது.

டேங்க்னு சொன்னதும் ஞாபகம் வருது. இல்ல, ஞாபகம் வந்ததுன்னு சொல்றது பொய். இதைச் சொல்லத்தான் இந்த எபிசோடு.

டிரைபாட் வாங்கப் போனேன்ல, அப்போ அந்த அக்கா கேட்டாங்க: "அந்த வண்டில கக்கூஸ் இருந்துதே தம்பி, அந்தத் தண்ணிய எங்க வுட்டீங்க?"

எனக்கு நாக்கு எழல. ஏன்னா வண்டி கொடுத்தவர் சொல்லியிருந்தார், "ஃபுல் ஆனா எங்கயாவது ஓரமா திறந்து விட்டுடுங்க பாஸ், மணல்தானே, உறிஞ்சிக்கும்." நாங்களும் ராத்திரி ஓரமா திறந்து விட்டோம். மணல் உறிஞ்சிக்கிச்சு. எவ்வளவு வசதி! அக்கா கையை நீட்டிக் காட்டினாங்க. நாங்க நிறுத்தின இடத்துல இருந்து ஒரு முப்பது அடியில ஒரு அடிபம்பு.

கடற்கரை மணல்ல நடக்கிறது இதுதான். கீழ உப்புத்தண்ணி. மழைத்தண்ணி மணல் வழியா இறங்கி, கனம் குறைச்சலா இருக்கிறதால அந்த உப்புத்தண்ணி மேல ஒரு மெல்லிசான படலமா மிதக்கும். ஆழமா போர் போட்டா உப்புதான் வரும், அதனால அடிபம்பு தொடுறது மேல இருக்கிற அந்தப் படலத்தை. களிமண் பூமின்னா மேல விழுந்தது கீழ போக நாளாகும், ஓரளவு வடிகட்டும். கடல் மணல்ல அது சீக்கிரமே இறங்கிடும். மணல் உறிஞ்சிக்கிட்டதுன்னா, கிணத்துக்குப் போய்ச் சேர்ந்ததுன்னு அர்த்தம்.

அந்த வாரம் யாருக்காவது உடம்பு சரியில்லாம போச்சான்னு கேட்டேன். அக்கா சிரிச்சாங்க. "நீங்க ஒருத்தரா வந்தீங்க? எத எந்த வண்டின்னு சொல்றது?" கப்புல பேரு இருந்தது, கண்டுபிடிச்சுட்டேன். தண்ணியில பேரு இல்ல.

இங்க கமென்ட் போட நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. "எண்ணூர்ல அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டுது, துறைமுகத்தை விரிவாக்கப் பார்க்கிறாங்க, 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெய்க் கசிவு வந்தது, அதையெல்லாம் விட்டுட்டு பேப்பர் கப்பைப் பிடிச்சுத் தொங்குறியே?" நியாயமான கேள்வி. அதெல்லாம் இதைவிடப் பெருசு, சந்தேகமே இல்ல. காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்துக்கு எதிரா அந்த ஊர்க்காரங்க வருஷக்கணக்கா போராடிக்கிட்டிருக்காங்க. ஆனா அந்தப் போராட்டத்துக்கு ஆதரவா ஸ்டோரி போடற அதே ஆள்தான் டேங்க்கைத் திறந்து விட்டது. நான்தான். ரெண்டும் ஒரே போன்.

என்ன பண்ணலாம்? இதுக்கு நான் போகிற வழி கொஞ்சம் சுத்தி வரும், பொறுத்துக்கோங்க.

அந்த ஏரியில "பாடு"ன்னு ஒரு முறை இருக்கு. முகத்துவாரத்தை ஒட்டின சில இடங்கள்லதான் இறால் நல்லா படும். எல்லாரும் ஒரே நேரத்துல அங்க போய் வலை கட்டினா சண்டை வரும், அப்புறம் யாருக்கும் ஒண்ணும் மிஞ்சாது. அதனால கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம்னு மூணு ஊர்க்காரங்க முறை வெச்சிருக்காங்க. இன்னைக்கு இந்த இடம் இவங்களுக்கு, நாளைக்கு அவங்களுக்கு. தலைக்கட்டுக் கணக்கு உண்டு. முறை இல்லாதப்போ, எவ்வளவு இறால் ஓடினாலும் அந்த இடத்துல வலை இறக்கக் கூடாது. ஊர்க் கூட்டம் பார்த்துக்கும். இதைத்தான் நாம ரேட் லிமிட்டிங்னு சொல்லி சம்பளம் வாங்குறோம். அவங்க பல தலைமுறையா சர்வர் இல்லாம ஓட்டுறாங்க.

பாட்டை ரொம்பப் புகழவும் மாட்டேன். உரிமை பிறப்பால வருது, ஆம்பளைங்களுக்குத்தான். சாதிக் கோடு உண்டு. கையால இறால் பிடிக்கிறவங்களுக்கு அதுல இடம் இல்ல. அதனால மனக்கசப்பும் உண்டு. அதெல்லாம் இருந்தாலும், தண்ணிக்கு ஒரு அளவு இருக்குன்னு ஒத்துக்கிட்ட ஏற்பாடு அது. அந்த ஏரியில பிழைக்கிறவனுக்கு முறை இருக்கு. பொழுதுபோக்க வர்ற நமக்கு முறை இல்ல.

மலைக்கு இது வந்தாச்சு. மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 ஏப்ரல் 1-லிருந்து எண்ணிக்கையும் வெச்சாங்க: நீலகிரிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வார இறுதியில 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்ல. டாஸ்மாக் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய் திரும்பத் தர்றதும் 2022-ல நீலகிரியிலதான் ஆரம்பிச்சது. யானை காலை பாட்டில் கிழிக்குதுன்னு கோர்ட் கேட்டது. நல்லது. சேத்துல கையை விடுற மனுஷங்க விரல் கிழியறதைப் பத்தியும் யாராவது கோர்ட்ல சொல்லணும். பாட்டில் திட்டம் அப்புறம் படிப்படியா மத்த மாவட்டங்களுக்கும் போச்சு. எனக்குக் கேட்டா மலைக்கு அடுத்ததா ஏரிக்கும் கடற்கரைக்கும் வந்திருக்கணும்.

பழவேற்காட்டுக்கு இதைச் செய்யறது ஊட்டியை விடச் சுலபம். திருப்பாலைவனத்துலயே நிறுத்தலாம். பாலை மரக் காடா இருந்ததால அந்தப் பேருன்னு சொல்வாங்க. பழைய பாலீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர், நாம யாரும் நிறுத்திப் பார்க்காம நாற்பதுல தாண்டிப் போற ஊர். பொன்னேரியில இருந்து வர்ற வண்டி எப்படியும் அதைத் தாண்டித்தான் ஏரிக்குப் போகணும். ஞாயித்துக்கிழமையும் லீவு நாளும் சுற்றுலா வண்டி அங்கேயே நிக்கட்டும். அங்க இருந்து ஏரிக்கு மினி பஸ், உள்ளூர் ஆட்டோ ஓடட்டும். கேரவனுக்குன்னு டேங்க் காலி பண்ற இடமும் அங்கேயே கட்டட்டும். நிறுத்தக் கட்டணம் ஊராட்சிக்கும் குப்பங்களுக்கும் போகட்டும்.

இதை அந்த மீனவ அண்ணன்கிட்ட பெரிய கண்டுபிடிப்பு மாதிரி விளக்கினேன். அவர் முழுசா கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார். "கேட்டு போட்டா துட்டு யார் வாங்குவான்?" எனக்குப் பதில் தெரியல. காசு வாங்கிக்கிட்டு ரசீது தராத பார்க்கிங் எத்தனை பார்த்திருக்கோம். கட்டணம் வாங்குற கவுண்டர் முதல்ல வரும், கக்கூஸ் கடைசி வரைக்கும் வராது. அவர் சொன்னது: "துட்டு ஊர்க் கணக்குல வந்தா ஊரே பாத்துக்கும். வேற எங்கனா போச்சுன்னா எங்க வண்டியவே மறிப்பானுங்க." என்னோட டிசைன் ரிவ்யூ அங்கேயே முடிஞ்சது.

அக்காவோட கவலை வேற. "வராதீங்கன்னு நான் சொல்லல தம்பி. ஞாயித்துக்கெழம நாலு பேர் வந்தாத்தான் எனக்கு வறுவல் ஓடும். வர்றவங்க வாங்கித் தின்னுட்டு, உட்கார்ந்து பாத்துட்டு, வெளிச்சத்துலயே போயிடணும். ராத்திரி தங்குறவங்கதான் எங்களுக்குத் தலவலி." இன்னொண்ணும் சொன்னாங்க. கூட்ட நாள்ல பெண்கள் வந்து அவங்க வீட்டு பாத்ரூமைக் கேப்பாங்களாம். இல்லன்னு சொல்ல மனசு வராதாம். ஒரு நாள்ல இருபது பேர். அந்தத் தண்ணியும் அதே அடிபம்புல இருந்து அவங்க தூக்கிட்டு வர்றது.

அதனால, சட்டம் வர்றப்போ வரட்டும், போறவங்க இப்போதைக்கு இதை வெச்சுக்கோங்க. கேரவன்ல போகாதீங்க. போய்த்தான் ஆகணும்னா டாய்லெட்டைப் பூட்டிட்டுப் போங்க. கேரவன் வாடகைக்கு எடுக்கிற எந்த ஊருக்குப் போனாலும், "டேங்க்கை எங்க காலி பண்றது?"ன்னு முன்கூட்டியே கேளுங்க. "எங்கயாவது"ன்னு பதில் வந்தா அந்த வண்டி வேண்டாம். படகுல ஏறாதீங்க, அந்தப் பையன் எவ்வளவு கெஞ்சினாலும். பூநாரை மேல டிரோன் விடாதீங்க. ஒரு தடவை பயந்து எழும்பினா மேயற நேரம் போச்சு, அது அவ்வளவு தூரம் பறந்து வந்ததே அந்தச் சேத்துல மேயறதுக்குத்தான். சாப்பாட்டை அங்க வாங்குங்க. பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில பின்னுற பெட்டி, கூடை கிடைச்சா அதையும் வாங்குங்க. என் லேப்டாப் சார்ஜர் இப்போ அதுலதான் இருக்கு.

போன மாசம் அதே ஆறு பேர்ல நாலு பேர் போனோம். ஒருத்தன் கனடா போயிட்டான், ஒருத்தனுக்குக் குழந்தை பிறந்திருக்கு. சென்ட்ரல்ல கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி பொன்னேரி, அங்க இருந்து பஸ். வேனுக்குக் கொடுத்த வாடகையில நூத்துல ஒரு பங்கு கூட ஆகல. அக்கா கடையில மடவை வறுவலும் சோறும். மத்தியானம் அந்த முள்ளுக்குள்ள இருந்து முடிஞ்சதைப் பொறுக்கினோம். கை முழுக்கக் கீறல், ரெண்டு அரிசிச் சாக்கு நிறைஞ்சது. முள்ளு பார்க்க அப்படியேதான் இருந்தது. சாக்கை ஊராட்சித் தொட்டியிலேயே போட்டா கதை திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கும்னு, சென்னைக்கே தூக்கிட்டு வரலாம்னு பஸ் ஏறினோம்.

திருப்பாலைவனம் ஸ்டாப்கிட்ட கண்டக்டர் வந்து சாக்கைத் தட்டிப் பார்த்தார். "இன்னாப்பா மூட்டை, கருவாடா?"

"இல்லண்ணே, குப்பை."

"யாரோட குப்பை?"

"எங்களோடதுதாண்ணே. கொஞ்சம் பழசு."

லக்கேஜ் டிக்கெட் போடல. காலுக்கடியில வெச்சுக்கச் சொன்னார்.

அடுத்த வாரம் வழக்கம்போல டெக் எபிசோடு, நீங்க அனுப்பின கேள்விகளுக்குப் பதில். பழவேற்காட்டுக்காரங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்து, நான் சொன்னதுல தப்பு இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல அப்படியே போடறேன்.